நான் சொல்லாமல் விட்ட சிரிப்பு

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் கைக்கு வந்தது. உன் அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்று உரக்க வாசித்தேன். பம்பாயில் மழை, மெஸ் சாப்பாடு, அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் மேலாளர் என்று வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்த கடிதம், இரண்டாம் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்ய விரும்புகிறாய், அவள் நம் பக்கத்துப் பெண்தான், பொழியூர் லூர்து டிரைவரின் மகள் ஜாஸ்மின். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. உன் அம்மா கத்தியும் கையுமாக எழுந்து வந்தாள். "பிறவு? பிறவு என்ன எழுதியிருக்கான்? வாயத் தொறந்து வாசியுங்க" என்றாள். நான் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். முதல் தடவை அழுதாள், இரண்டாம் தடவை சிரித்தாள். பிறகு கிழங்கை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் நம் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. நம் சபைக் கோயிலில் பாட்டுக்குழுவை நடத்தும் பெண்மணி, "கத்தோலிக்கப் பெண்ணா?" என்று இழுத்தாளாம். "இல்ல, பெண்ணாக்கும்" என்று உன் அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நீ கடிதத்தில் நான்கு இடத்தில், "அப்பாவுக்குச் சங்கடமாக இருந்தால்" என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சங்கடம் இல்லை மக்கா. எனக்குச் சந்தோஷம். எவ்வளவு என்றால், புதன்கிழமை வேலைக்குப் போகாமல் காலையிலேயே பாறசாலைக்குப் போய், காரணம் இல்லாமல் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனாலும் இந்தக் கல்யாணத்துக்குச் சரி என்று ஒரு வரியில் எழுதிவிட எனக்கு உரிமை இல்லை. உனக்குப் பாதிதான் தெரியும். உன் வில்சன் சித்தப்பா செத்தபோது உனக்குப் பதினேழு வயது. நாகர்கோவில் ஹாஸ்டலிலிருந்து அடக்கத்துக்கு வந்தாய், நாலாம் நாள் பரீட்சை என்று திருப்பி அனுப்பிவிட்டோம். மீதிப் பாதியை இந்த ஒன்பது வருஷமாக நானே வைத்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதுகிறேன். நிதானமாக வாசி.

உன் சித்தப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னைச் சைக்கிளின் கம்பியில் உட்கார்த்திக்கொண்டு காரக்கோணம் மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் இறங்கி, இரண்டு பேருமாக வாழைத்தோட்டத்துக்குள் போய் விழுந்து, அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியவன் அவன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவனே அதைச் சொல்லிவிட்டான். சிரிப்பை அடக்க அவனால் முடியாது. நான் ரப்பர் தோட்டங்களில் மரம் வாங்கி வெட்டி விற்க ஆரம்பித்தபோது, வெட்டிய மரத்தடிகளை லாரியில் ஏற்றும் வேலையை அவன்தான் பார்த்தான். எங்கள் தடி ஏறும் லாரி லூர்துவின் கையில் இருந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பான் என்று அவன் வீட்டார் கேலி செய்து லாரிக்கு அனுப்பிவிட்டார்களாம். வில்சனும் அவனும் ஒரே வாலிபால் டீமில் ஆடினார்கள். வில்சன் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், லூர்து எகிறி அடிப்பான். நம் சபைப் பையனும் கடற்கரைக் கோயில் பையனும் ஒரே பனியன் போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்க்கவே ஆள் கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டத்தில், வில்சன் பந்தைத் தாழ்வாகக் கொடுத்துவிட்டான். லூர்து அடித்தது வலையில் விழுந்தது. கப்பு போய்விட்டது. எல்லோரும் பரிசு கொடுக்கிற இடத்துக்குப் போன பிறகு இவர்கள் இருவரும் கோர்ட்டின் ஓரத்தில் மல்லாந்து கிடந்தார்கள். நான் இரண்டு சர்பத் வாங்கிக்கொண்டு போனேன். லூர்து வில்சனின் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டு, "எலே வில்சா, ஒரு நாளு எனக்க வண்டிய ஒனக்க மேல கேற்றிக் கொல்லுவேன், பாத்துக்கோ" என்றான். வில்சன், "ஒனக்க வண்டி மேட்டுல ஏறாதே, பிறவு எனக்க மேல எப்பிடிலே ஏறும்?" என்றான். இரண்டு பேருக்கும் சர்பத் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். இதை மறக்காதே.

மூன்று வாரம் கழித்து, காரக்கோணத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் தடி ஏற்றிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் மழை. மண் குழைந்து கிடந்தது. லாரியைத் தடிக் குவியல்வரை பின்னால் எடுக்க வேண்டும். லூர்து வண்டியில் இருந்தான். நான் பின்பக்கம் ஓரமாக நின்று கை காட்டினேன். "வரட்டே, வரட்டே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது சாலையில் ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, "எப்பிடி உண்டு முதலாளி?" என்று கேட்டார். மகனே, என்னை அதுவரை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. நான் திரும்பினேன். முகத்தை அவருக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டே, கையை மட்டும் லாரிக்குக் காட்டி, இன்னும் இரண்டு தடவை "வரட்டே" என்றேன். அந்த இரண்டு தடவைக்குள், டயர் புதையாமலிருக்க ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வில்சன் வண்டிக்குப் பின்னால் குனிந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. லூர்துவுக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத் திரும்பியபோது உன் சித்தப்பா தடிக்கும் லாரிக்கும் நடுவில் இருந்தான்.

லூர்துதான் அவனைத் தூக்கி வண்டியின் முன்பக்கம் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழி முழுக்க, "மக்கா, கண்ணத் தொறந்து வை மக்கா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. லூர்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், "எனக்க வண்டில ஒருத்தன் செத்துப்போனான்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு போலீஸ்காரர் என்னிடம் வந்து, லூர்துவுக்கும் வில்சனுக்கும் இதற்கு முன்னால் ஏதாவது விரோதம் உண்டா என்று கேட்டார். வழக்கமான கேள்வி. இல்லை என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். ஆனால் என் கை அப்போதும் "வரட்டே" என்று அசைந்துகொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அந்தக் கையை யாராவது பார்த்துவிடுவதற்கு முன்னால் வேறொருவனைக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. இதை இன்று சொல்ல முடிகிறது. அன்று எனக்கே தெரியாது. நான் சொன்னேன்: "மூணு வாரத்துக்கு முன்ன விளையாட்டுல தோத்ததுக்கு, வண்டி கேற்றிக் கொல்லுவேன்னு பறஞ்சான். எனக்க காதால கேட்டேன்." ஒரு வார்த்தை பொய் இல்லை. சிரிப்பை மட்டும் விட்டுவிட்டேன். சர்பத்தை விட்டுவிட்டேன். வில்சன் திருப்பிச் சொன்னதை விட்டுவிட்டேன். லூர்து கொலைக் கேசில் உள்ளே போனான். எழுபது நாள்.

அந்த எழுபது நாளும் எனக்கு ஒரே வெறி. உன் அம்மா முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. கோயிலில் உட்கார முடியவில்லை. ஒரு நாள் வேதப்புத்தகத்தை எடுத்தேன். ஆறுதலுக்காக அல்ல, கொன்றவனைக் கொல்லலாம் என்று அதில் எங்கேயோ இருக்கிறது என்று நினைவு, அதைத் தேடி எடுத்தேன். இருந்தது. செத்தவனின் நெருங்கிய உறவினன் பழிவாங்கலாம், கொன்றவனை எதிர்ப்பட்டால் அவனே கொல்லலாம் என்று மோசே சொல்லியிருந்தார். எனக்கு ஒரு கொடூரமான சந்தோஷம். அந்தப் பழிவாங்குகிறவன் நான்தான் என்று நினைத்தேன். ஆனால் வேதப்புத்தகத்தின் அந்த அதிகாரம் அங்கே நிற்கவில்லை. அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. எதனால் அடித்தான், இரும்பாலா, கல்லாலா? பகைத்துத் தள்ளினானா? பதுங்கியிருந்து எறிந்தானா? அல்லது பகை ஒன்றும் இல்லாமல், அவன் அங்கே இருப்பது தெரியாமல், கை தவறி விழுந்ததா? முதலாவது என்றால் அவன் கொலைகாரன், எதைக் கொடுத்தும் உயிரை மீட்க முடியாது. இரண்டாவது என்றால் அவன் ஓடிப்போய் நுழைந்துகொள்ள ஊர்கள் உண்டு. யோர்தானுக்கு இக்கரையில் மூன்று, அக்கரையில் மூன்று. அதிலும், எது எது என்று தீர்மானிக்கிறவன் பழிவாங்குகிறவன் அல்ல. சபையார் கூடி நின்று தீர்மானிக்க வேண்டும். ஒரே ஒருவனின் சாட்சியை வைத்து யாரையும் சாகக் கொடுக்கக் கூடாது. நான் ஒரே ஒருவன்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு இடத்தில் எனக்குச் சாதகமாக இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினேன். உபாகமம் என்ற பகுதியில் இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்குகிறான், இரும்பு காம்பை விட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். மரம் வெட்டுகிற எனக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கோடரி கழன்று பறப்பதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அவன் தப்பி ஓடுவதற்காக அந்த ஊர்களுக்குச் சாலைகூடப் போட்டு வைக்க வேண்டுமாம். வழி தூரமானால், பழிவாங்குகிறவன் மனம் கொதித்துக்கொண்டே துரத்திப் பிடித்து, சாக வேண்டாதவனைக் கொன்றுவிடுவான் என்பதற்காக. ஆள் கொன்றவனுக்குச் சாலை போடச் சொல்லும் சட்டத்தை நீ எங்காவது கேட்டிருக்கிறாயா? அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இன்று நினைத்தால் அதை எழுதியவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொன்று இருந்தது. ஒருவன் தன் சகோதரனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொன்னால், அவனுக்கு என்ன செய்ய நினைத்தானோ அதையே இவனுக்குச் செய்ய வேண்டும். நான் புத்தகத்தை மூடி அலமாரிமேல் எட்டாத உயரத்தில் வைத்தேன்.

லூர்துவுக்கு ஜாமீன் கிடைத்தது. அது கேள்விப்பட்ட மறுநாள் காலை, மரக்கொம்பு வெட்டும் வெட்டுகத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உன் அம்மாவிடம் தடி பார்க்கப் போகிறேன் என்றேன். பொழியூரில் இறங்கிக் கரைக்கு நடந்தேன். அங்கே கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் போட்ட பெரிய வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே பிடித்து இழுப்பது. அன்று ஆள் குறைவு போல. நான் லூர்துவைத் தேடிக் கண்ணை ஓட்டிக்கொண்டு நிற்கும்போதே ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "எலே, பாத்துட்டு நிக்கியதுக்கு இதென்ன சினிமாவா? கயிறப் பிடிலே!" அவர் போட்ட சத்தத்தில் நான் யோசிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். "ஏலோ" என்று எல்லோரும் இழுக்க நானும் இழுத்தேன். பத்தடி பின்னால் போன பிறகுதான் எனக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருக்கும் முதுகு யாருடையது என்று தெரிந்தது. அந்த முதுகு எகிறிப் பந்தடிப்பதை எத்தனை ஆட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

லூர்து திரும்பிப் பார்த்தான். மெலிந்து, தாடி வளர்ந்து இருந்தான். என்னையும் பார்த்தான், என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்த பையையும் பார்த்தான். "அண்ணே" என்றான். நான் கையைத் தளர்த்தினேன். "பிடி விட்டுராதீங்க அண்ணே. நீங்க விட்டா முன்னால நிக்கியவன் விழுவான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலைப் பார்த்து இழுத்தான். மகனே, ஒரு மணி நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பகைத்தவன் யார், பதுங்கி வந்தவன் யார், கையில் இரும்போடு நிற்பவன் யார் என்று அந்த அதிகாரம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. அது லூர்து இல்லை.

வலை ஏறிய பிறகு அவன் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "பையில என்ன உண்டுன்னு எனக்குத் தெரியும். செய்யியதுன்னா பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வாறதுக்கு முன்ன செய்யுங்க அண்ணே." அதற்குள் அந்தக் கிழவர் இரண்டு கை நிறைய நெத்தோலி மீனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "இழுத்தவனுக்குப் பங்கு உண்டு" என்று சொல்லி என் பையைத் திறந்தார். உள்ளே செய்தித்தாளை மீறிக்கொண்டு கத்தியின் பிடி தெரிந்தது. அவர் லூர்துவிடம், "மீனு கிட்டும்னு கத்தியும் கொண்டே வந்திருக்காரு. நல்ல வெவரமான ஆளு" என்றார். லூர்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்தோம், பிறகு அழுதோம், அந்தக் கிழவர் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்து பையை உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் மீனை எடுத்தாள், அடியில் இருந்ததையும் எடுத்தாள். "நெத்தோலி வெட்டவா இம்புடு பெரிய கத்தி கொண்டு போனிய?" என்றாள். மீன் குழம்பு வைத்தாள். எழுபது நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றியபோது, சிரிப்பைச் சேர்த்துச் சொன்னேன். சர்பத்தைச் சொன்னேன், கழுத்தை வளைத்த கையைச் சொன்னேன், வில்சன் திருப்பிச் சொன்ன நக்கலைச் சொன்னேன். எங்கள் பக்கத்து வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை ஏன் போலீசிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். "அப்போ மனசுல பகை இருந்துது ஐயா, அவனுக்கில்ல, எனக்கு" என்றேன். கேஸ் விபத்தென்று முடிந்தது. இது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நான் பெரிய மனசுக்காரன் என்று அன்று நாலு பேர் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் "வரட்டே" என்று சொன்ன வாயைப் பற்றி நான் கோர்ட்டிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. லூர்து அதன் பிறகு வண்டியைத் தொடவில்லை என்று தெரிந்தும் சொல்லவில்லை. அவன் பொழியூரை விட்டு இந்தப் பக்கம் வருவதே இல்லை. வேதப்புத்தகம் சொல்லும் அந்த அடைக்கல ஊரில் இருப்பவன், தலைமைக் குருவான பிரதான ஆசாரியன் சாகும்வரை வெளியே வரக்கூடாது, அவர் செத்த பிறகு தன் சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்று ஒரு விதி உண்டு. அவர் சாவுக்கும் இவன் விடுதலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் லூர்து யாருக்காகவோ காத்திருக்கிறான் என்று மட்டும் தோன்றும். அது நான்தான் என்று தோன்றும்போது வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

வில்சனின் சாவில் என் குற்றம் என்ன என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். நான் பகைக்கவில்லை, பதுங்கவில்லை. என் தம்பி, அவனை நான்தான் வளர்த்தேன். ஆனால் கோடரி கழன்றது போன்றது மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டு, கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் அந்த இரத்தம் உன் வீட்டின்மேல் என்றும் அங்கே ஒரு விதி இருக்கிறது. முட்டும் என்று தெரிந்த மாட்டைக் கட்டாமல் விட்டவனுக்கும் ஒரு விதி இருக்கிறது. பார்க்க வேண்டியவன் பார்க்காமல் இருப்பதையும் அந்தப் பழைய சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. நீ குடும்பம் நடத்தப் போகிறாய். இதை உனக்குச் சொல்லிவைக்கிறேன். கை காட்டும்போது அந்தப் பக்கமே பார். யார் முதலாளி என்று கூப்பிட்டாலும் சரி. இன்னொன்று: உன் மனைவி சொன்ன ஒரு வார்த்தையை எங்களிடமோ நண்பனிடமோ சொல்ல நேர்ந்தால், அவள் அதை எப்படிச் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல். வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எந்த நல்லவரையும் ஜெயிலில் போட்டுவிடலாம். நான் போட்டிருக்கிறேன்.

நேற்று, சனிக்கிழமை, நானும் உன் அம்மாவும் பொழியூருக்குப் பெண் கேட்கப் போனோம். லூர்து புது வேட்டி கட்டி வாசலில் நின்றான். ஜாஸ்மின் அவர்களுக்கும் எழுதியிருந்தாள் போல. அவன் மனைவி ஸ்டெல்லா பழம், பலகாரம் எல்லாம் எடுத்து வைத்தாள். உன் அம்மா வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். நான் தடுத்துவிட்டு, "அதுக்கு முன்ன ஒண்ணு பறயணும்" என்று எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. ஸ்கூட்டர்காரரைச் சொன்னேன். திரும்பிய முகத்தைச் சொன்னேன். திரும்பாத கையைச் சொன்னேன். உன் அம்மாவுக்கும் அது நேற்றுதான் தெரியும். அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்தது, விடவில்லை.

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குத் தெரியும் அண்ணே. கண்ணாடில ஒங்க கை தெரிஞ்சுது. வான்னு பறஞ்சுது. நான் வந்தேன்."

"பிறவு போலீசுட்ட ஏன் பறயல்ல? கோர்ட்டுல ஏன் பறயல்ல?"

"பறஞ்சா அன்னைக்கே ஒங்களயும் கூட்டீட்டுப் போவான். வில்சனெ அடக்க யாரு நிக்கியது?"

அவ்வளவுதான் சொன்னான். அவன் சுமந்துகொண்டிருந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் ஸ்டெல்லா அப்படி விடவில்லை, விடாததுதான் எனக்கு நல்லதாக இருந்தது. அவள் எழுந்து நின்றாள். "ஒம்பது வருஷம் இந்த மனுசன் ஸ்டியரிங் பிடிக்கல்ல. பஸ்சுல கூட முன் சீட்டுல இருக்கமாட்டாரு. இவருக்குத் தெரிஞ்சத எனக்கிட்டகூட பறயல்ல. நீங்களும் பறயல்ல. நல்லாயிருக்கு அண்ணே, ரொம்ப நல்லாயிருக்கு. இன்னைக்கு நான் ஒங்களுட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். நாங்கள் பலகாரத்தைத் தொடாமல் கிளம்பினோம். லூர்து பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். பஸ் வந்ததும், ஏற வேண்டியவர்கள் நாங்கள், அவனும் ஏறிவிட்டான். "எங்கலே?" என்றேன். "வில்சன் கெடக்கிய இடம் வரைக்கும் வாறேன் அண்ணே. பாத்துட்டுத் திரும்பீருவேன்" என்றான். ஏறியவன் நேராகப் போய் டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டில் உட்கார்ந்தான். கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் வில்சனின் கல்லறைமுன் நின்றோம். பிறகு லூர்து கல்லறையைப் பார்த்து, "எலே வில்சா, நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் இனி சண்ட போட உரிமை வந்தாச்சு, சம்பந்தியாக்கும்" என்றான். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

இன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் வந்தது. ஸ்டெல்லா. நாள் கடந்துவிட்டதால் பேசலாம் என்று தீர்மானித்திருக்கிறாள். என்னிடம் இல்லை, உன் அம்மாவிடம். முக்கால் மணி நேரம் பேசினார்கள். தாலி கட்டு அவர்கள் கோயிலில், விருந்து நம் வீட்டில். மீன் அவர்கள் கொண்டு வருவார்கள், கோழி நம் பொறுப்பு. சேலை நிறத்தில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. நம் போதகரிடம் பேசினேன். அவர் வந்து ஜெபம் செய்ய அவர்கள் ஃபாதர் சம்மதித்தாராம். இவ்வளவு எளிதாக இது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. உன் அம்மா இப்போது எனக்குப் பின்னால் நின்று, தேதியை எழுதுங்கள், டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துகிறாள்.

தேதியை இன்னும் எழுதமாட்டேன். லூர்து பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒன்று கேட்டான். "பிள்ளைக்கிட்ட இது பறய வேண்டாம் அண்ணே. அவளுக்கு ஒங்க மேல நல்ல மதிப்பு உண்டு, கோர்ட்டுல உண்மையப் பறஞ்ச ஆளுன்னு." அவன் கேட்டதை நான் மறுப்பது இதுதான் முதல் தடவை. அப்பா ஜெயிலில் இருந்த எழுபது நாள் பள்ளிக்கூடத்தில் அவளை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சுமந்தவள் அவள். நான் மன்னிப்பு வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு மாமனாராகப் போய் நிற்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவள் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அது நியாயம். நீ என்மேல் கோபப்படு, அவள்மேல் படாதே. சரி என்று சொன்னால் அன்றைக்கே தந்தி அடி. உன் அம்மா பட்டுச் சேலைக் கடைக்குப் போகத் தயாராக நிற்கிறாள். ஆனால் ஒன்று, மகனே. அவள் இதை வாசிக்கும்போது நீ பக்கத்தில் நின்று எனக்காக விளக்கம் சொல்லாதே. கொடுத்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடி.

உன் அப்பா